லமினேற் பலகையில் இடைவெளி: எந்தக் கருவி, யாருக்கு?

நெடுங்காலமாக யாழ்ப்பாணத்து வீட்டுத் தரை என்றால் பொலிஷ் பிடித்த சிவப்புச் சீமெந்துதான். பிறகு மாபிள் வந்தது. இப்போது மேல்மாடி அறைகளுக்கும், வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்தால் தங்கவென்று ஏசி பூட்டி வைத்திருக்கும் அறைகளுக்கும் லமினேற், வினைல் என்று விற்கிற மரநிறப் பலகை விரிப்பது வழக்கமாகி வருகிறது. விரித்த புதிதில் நன்றாகத்தான் இருக்கும். கொஞ்சக் காலம் போக, இரண்டு பலகைகளின் தலைப்புகள் (குறுகிய பக்கங்கள்) சந்திக்கிற இடத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். இன்னும் கொஞ்சம் போனால் அந்தக் கோட்டுக்குள் ஒரு ரூபாய்க் குற்றியை நிமிர்த்திச் செருகலாம்.

இதை மூடுவதற்கென்றே கைக்கருவிகள் இருக்கின்றன. அடியில் ஒட்டுப்பட்டை உள்ள கட்டை ஒன்று, உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கிண்ணம் ஒன்று, சுவரோரத்தில் கொளுவி இழுக்கும் இரும்புத் தகடு ஒன்று. இவற்றோடு நம்மூர் ஓடாவியார் பாவிக்கும் கைமுறைகளும் உண்டு. எதற்குக் காசு செலவழிக்கலாம், எதை வீட்டிலேயே செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதுதான் இங்கே பேச்சு.

கருவிக்கு முதல் தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பலகை கீழே இருக்கிற கொங்கிறீற்றோடு ஆணியாலோ பசையாலோ பிணைக்கப்படுவதில்லை. மெல்லிய ஃபோம் ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு பலகையின் விளிம்பில் நீட்டி நிற்கிற நாக்கு அடுத்ததின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) போகும்படி பூட்டிக்கொண்டு போவார்கள். முழுத்தரையும் ஒன்றாகச் சேர்ந்து, எதிலும் ஒட்டாமல் கிடக்கும். சுவரைச் சுற்றி 8 முதல் 10 மில்லிமீற்றர் வெளி விட்டு, அதைச் சுவரடியில் ஓடுகிற ஸ்கேர்ட்டிங் பட்டையால் மறைத்துவிடுவார்கள். சுவீடனில் பேர்ஸ்ரோர்ப் நிறுவனம் 1977-இல் லமினேற் தரையைக் கண்டுபிடித்தபோது பலகைகளைப் பசை பூசித்தான் பொருத்தினார்கள். பசையில்லாமல் கிளிக் என்று பூட்டுகிற முறை 1990களின் நடுப்பகுதியில்தான் கடைக்கு வந்தது. வேலை லேசாகிவிட்டது, ஆனால் பலகை நழுவவும் வழி பிறந்துவிட்டது.

ஏன் நழுவுகிறது? லமினேற் பலகையின் நடுப்பகுதி அழுத்திய மரநார். காற்றில் ஈரம் கூடினால் கொஞ்சம் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் யன்னல் திறந்து கிடந்த அறை, பங்குனி வெயிலில் இரவெல்லாம் ஏசி ஓடுகிற அறையாக மாறும்போது பலகை நிச்சயம் அசையும். எல்லாப் பலகையும் ஒரே அளவாக அசைந்தால் பிரச்சினை இல்லை. ஒரு பக்கத்தில் புத்தகமும் சீலையும் நிரம்பிய அலுமாரி நின்று அழுத்தினால், அந்தப் பக்கம் அப்படியே நிற்க மற்றப் பக்கம் மட்டும் சுருங்கும். எங்கே பூட்டு பலவீனமோ அங்கே வாய் திறக்கும். எஸ்பிசி என்று விற்கிற வினைல் பலகையின் நடுப்பகுதி சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்தது (நம் மண்ணுக்குக் கீழே கிடக்கிற கல்லின் உறவுதான்). அதற்கு ஈரத்தைப் பற்றிக் கவலையில்லை, வெயில்தான் எதிரி. மேற்குப் பார்த்த கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் மத்தியானத்துக்குப் பிறகு சூடேறி விரியும், இரவில் சுருங்கும், சில மாதத்தில் தலைப்பு விலகும்.

இடைவெளி எங்கே போகும்?

கருவி வாங்க நினைக்கிற எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கருவி இடைவெளியை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒரு பலகையை மற்றதை நோக்கி நகர்த்தினால், நகர்ந்த பலகையின் மறுதலைப்பில் அதே அளவு வாய் திறக்கும். அடுத்த பலகையை நகர்த்தி அதை மூடினால் அதற்கு அப்பால் திறக்கும். இப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசியில் சுவரோரத்தில், ஸ்கேர்ட்டிங்குக்குக் கீழே சேர்த்துவிட வேண்டும். அங்கே ஏற்கெனவே விட்ட வெளியோடு இன்னும் 2 மில்லிமீற்றர் சேர்ந்தால் ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே இடைவெளியில் இருந்து எந்தச் சுவர் கிட்ட இருக்கிறதோ அந்தப் பக்கத்துப் பலகைகளைத்தான் நகர்த்த வேண்டும். ஒரு பக்கம் இரண்டு பலகை, மறுபக்கம் ஐந்து பலகை என்றால் எந்தப் பக்கம் லேசு என்று சொல்லத் தேவையில்லை. ஸ்கேர்ட்டிங் மெல்லியதாக இருந்தால் அதன் அடியில் பலகை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதையும் பாருங்கள். மெல்லிய தகடு ஒன்றை அடியால் விட்டுப் பார்த்தாலே தெரியும். சும்மா ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால், இங்கே மூடிய வாய் அங்கே சுவரோரத்தில் பல்லைக் காட்டும்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். வெளி விடாமல் பலகையைச் சுவரோடு முட்டவிட்டுப் பூட்டிய அறைகள் இங்கே குறைவில்லை. "தம்பி, உது விரிய இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிக்குது. நீங்கள் இஞ்ச அடிச்சா அங்க மேல கிளம்பும்" என்று இப்படியான ஓர் அறையைப் பார்த்த ஓடாவியார் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரி. அந்த அறைக்கு எந்தக் கருவியும் பயன்படாது, ஓரத்தை வெட்டி வெளி விடுவதுதான் வேலை. கதவுத் தடுப்பானைப் பலகையூடாகக் கொங்கிறீற்றுக்குத் திருகி இருந்தாலும், அலுமாரியைப் பலகையோடு சேர்த்து இறுக்கி இருந்தாலும் இதே கதைதான்.

இன்னொன்று: தலைப்பில், அதாவது பலகையின் குறுகிய பக்கத்தில் விலகினால்தான் கீழே சொல்லும் கட்டையும் கிண்ணமும் உதவும். நீளப்பக்கத்தில் விலகினால் ஒரு பலகை அல்ல, ஒரு வரிசையே போயிருக்கிறது. அதை ஒரு கட்டையால் தட்டி மூட முயல்வது வீண். சுவரோரத்தில் இருந்து வரிசை வரிசையாகக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும்.

ஒட்டுக் கட்டை

இணையத்தில் அதிகம் காட்டப்படுகிற கருவி இது. கையளவு பிளாஸ்ரிக் அல்லது உலோகக் கட்டை, அடியில் ஒட்டுப்பட்டை. விலகிய பலகையின்மேல் அழுத்தி ஒட்டி, கட்டையின் பக்கத்தில் ரப்பர்ச் சுத்தியலால் தட்டினால் கட்டையோடு பலகையும் நகரும். அவ்வளவுதான். முதல் தடவையில் அசத்திவிடும், குறை சொல்ல ஒன்றும் இல்லை. மரக்கோடு பொறித்த சொரசொரப்பான பலகையிலும் பட்டை பிடிக்கும். இங்கே விற்கிற லமினேற்றில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட முகம்தான், அதனால் இந்தக் கருவிக்கு இங்கே மதிப்பு.

பட்டைக்கு எதிரி தூசி. சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் காலையில் கூட்டிய தரை மத்தியானமே மணல் பிடித்துவிடும். பலகையை முதலில் ஈரச் சீலையால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கடைசியாகக் கொஞ்சம் ஸ்பிரிற் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். மெழுகுப் பொலிஷ் போட்ட தரையில் எவ்வளவு அழுத்தினாலும் கட்டை வழுக்கும். சில கருவிகளில் பட்டையைக் கழுவிக் கழுவிப் பாவிக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். கழுவினால் பிடி ஓரளவு திரும்புவது உண்மை, புதிதுபோல் ஆகாது. பட்டை தேய்ந்ததும் அதற்கு உரிய மாற்றுப்பட்டை யாழ்ப்பாணத்தில் கிடைப்பது கஷ்டம். அப்போது அந்தக் கருவி வெறும் கட்டைதான், அதைத்தான் வீட்டிலேயே செய்யலாமே என்ற கேள்வி வரும்.

செய்யலாம். மரக்காலையிலோ தளபாடப் பட்டறையிலோ தேக்கு, முதிரை, வேம்பு என்று ஏதாவது கெட்டி மரத்தின் வெட்டுத்துண்டு சும்மா தருவார்கள். ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம், இரண்டு விரல் உயரம் காணும். உயரம் கூடினால் தட்டும்போது கட்டை புரளும். அடிப்பக்கத்தைச் சீவுளியால் மட்டமாகச் சீவித் தரச் சொல்லுங்கள், இதுதான் முக்கியம். அடி வளைந்திருந்தால் பட்டையில் பாதிதான் பலகையைத் தொடும். பனங்கட்டை வேண்டாம். பாரமும் உறுதியும் இருந்தாலும் சுத்தியல் படுகிற இடத்தில் நார் பிரிந்து சிலாம்பு கிளம்பும்.

கட்டையின் அடியில் ஒட்டுகிற ரேப்பின் தேர்விலும் கவனம் வேண்டும். படம் மாட்ட விற்கிற தடித்த ஃபோம் ரேப்பை வாங்காதீர்கள். தட்டும்போது ஃபோம் நெளிந்து அடியின் வேகத்தை விழுங்கிவிடும், பலகைக்குப் பாதிகூடப் போகாது. கம்பளம் ஒட்டுகிற, துணி நடுவில் உள்ள மெல்லிய இரட்டைப்பக்க ரேப் நல்லது. கட்டையின் அடி முழுவதும் இடைவெளி விடாமல் ஒட்டி, பலகையில் வைத்து, மேலே ஏறி நின்று சற்று நேரம் உடல்பாரத்தால் அழுத்துங்கள்.

தட்டுகிற முறை எந்தக் கட்டைக்கும் ஒன்றுதான். கட்டை இடைவெளிக்குக் கிட்ட இருக்கத் தேவையில்லை, பலகையின் நடுவில் இருந்தால் நேராக நகரும். நகர வேண்டிய பலகையில் முழங்கால் வைக்காதீர்கள், மற்றப் பலகையில் வையுங்கள். சுத்தியல் தரையோடு சேர்ந்து தாழ வர வேண்டும். ஓங்கி ஓர் அடி போடுவதைவிடச் சின்னச் சின்னதாகப் பல தட்டு நல்லது. முதலில் ஒன்றும் அசையாதது போல் இருக்கும். பிறகு கோடு மெல்ல ஒடுங்கும், கடைசியில் தட்டுகிற சத்தம் மாறும். மொத்தென்று கேட்டது கணீரென்று கேட்டால் பலகை முட்டிவிட்டது என்று அர்த்தம், அதற்குமேல் ஓர் அடிகூட வேண்டாம். பஸ் ரிக்கற் தாளை அந்த இடத்தில் செருகிப் பாருங்கள். போகவில்லை என்றால் வேலை முடிந்தது. கறுப்பு ரப்பர்ச் சுத்தியல் வெளிர்நிறப் பலகையில் கோடு போடும், தலையில் பழைய சீலை ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

கட்டையைக் கழற்றும்போது மேல்நோக்கிப் பிடுங்காமல், தலைமயிர் காயவைக்கிற டிரையரால் கொஞ்சம் சூடு காட்டித் திருகி எடுங்கள். லமினேற் முகம் இதைத் தாங்கும். உண்மையான மரத்தோல் ஒட்டி வார்னிஷ் பூசிய விலைகூடிய பலகை என்றால் ரேப் வார்னிஷையே உரித்துவிடலாம், அலுமாரிக்கு அடியில் ஒரு மூலையில் ஒட்டிப் பார்த்துவிட்டு நடுவுக்கு வாருங்கள்.

உறிஞ்சுக் கிண்ணம்

கண்ணாடி, பெரிய மாபிள் தூக்குகிறவர்கள் வைத்திருக்கும் கைப்பிடியும் நெம்பும் உள்ள கிண்ணம். இதை வாங்கவே தேவையில்லை, தெரிந்த அலுமினியக் கடையில் கேட்டால் ஒரு பின்னேரம் இரவல் தருவார்கள். பளபளப்பான, கோடு பொறிக்காத வினைலில் நன்றாகப் பிடிக்கும். பட்டை தேய்ந்துவிடும் என்ற கவலையில்லை, தரையில் பிசின் ஒட்டாது.

ஆனால் மரக்கோடு பொறித்த பலகையில் அந்தக் கோடுகள் வழியாகக் காற்று உள்ளே போய்விடும். வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கழன்று கிடக்கும். விளிம்பை ஈரமாக்கினால் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கும், ஆனால் மேல்நோக்கித் தூக்குவதற்குத்தான் அது காணும். நமக்கு வேண்டியது பக்கவாட்டு இழுவை. அங்கே பலகையை நகர்த்துவது ரப்பரின் உராய்வுதான், ஈரம் அந்த உராய்வையே குறைத்துவிடும். கிண்ணத்தின் கைப்பிடியைச் சுத்தியலால் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிளாஸ்ரிக் கைப்பிடி அதற்குச் செய்ததல்ல, இரவல் வாங்கியதை உடைத்துக்கொண்டு போய் நிற்பது அழகில்லை.

கிரனைற் பலகைகளை ஒட்டுகிறவர்களிடம் இதைவிட நல்ல ஒன்று உண்டு: இரண்டு கிண்ணம், நடுவில் திருகாணி. இடைவெளிக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றை வைத்துத் திருகினால் இரண்டும் நெருங்கும். அடியும் இல்லை, சத்தமும் இல்லை. குறை என்னவென்றால் எந்தப் பலகை நகர வேண்டும் என்பது நம் கையில் இருக்காது, எது லேசோ அது நகரும். சுவர்ப்பக்கப் பலகை நிற்க, அறை நடுப்பலகை நகர்ந்து வந்தால் நடுவில் புது வாய் ஒன்று திறக்கும். நடுப்பலகைமேல் ஓர் ஆள் நின்றுகொண்டால் சரி.

என் கணிப்பில், வழவழப்பான வினைல் தரைக்கு மட்டும் கிண்ணம். மற்ற எல்லாவற்றுக்கும் கட்டை.

சுவரோரத் தகடு

கட்டையும் கிண்ணமும் மேலிருந்து பிடிப்பவை. இந்தத் தகடு தலைப்பில் இருந்து தள்ளும். இரண்டு முனையும் எதிரெதிர்ப் பக்கம் மடங்கிய தடித்த இரும்புப்பட்டை. ஒரு முனையைப் பலகையின் கடைசி விளிம்பில், சுவருக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற வெளிக்குள் கொளுவி, மேலே நிற்கும் மற்ற முனையில் சுத்தியலால் தட்டினால் பலகை சுவரை விட்டு அறைக்குள் நகரும். பலகை பூட்டுகிறவர்களின் பெட்டியில் இது எப்போதும் இருக்கும். விலையும் அதிகமில்லை. வெல்டிங் பட்டறையில் பட்டை இரும்பை மடக்கியும் செய்விக்கலாம், அடியில் கீறல் விழாமல் துணி ஒட்டிக்கொண்டால் போதும்.

இதன் பலம், அடியின் முழு வேகமும் பலகைக்குப் போவது. ஒட்டு இல்லை, உறிஞ்சல் இல்லை, தூசியோ பொறித்த கோடோ எதுவும் தடையில்லை. ஒரே வரிசையில் மூன்று நாலு இடத்தில் சின்னச் சின்ன வாய் திறந்திருந்தால் இதுதான் பதில். கடைசிப் பலகையைத் தள்ளத் தள்ள, யாழ்தேவி ரயிலின் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி, சுவர்ப்பக்கத்தில் இருந்து ஒவ்வோர் இடைவெளியாக மூடிக்கொண்டு வரும். கட்டையால் ஒவ்வொன்றாகத் தட்டுகிற வேலை மிச்சம்.

அதற்கு விலை, ஸ்கேர்ட்டிங்கைக் கழற்றுவது. கிளிப்பில் கொளுவிய பிளாஸ்ரிக் ஸ்கேர்ட்டிங் என்றால் ஐந்து நிமிட வேலை. மாபிள் துண்டை வெட்டிச் சுவரில் சீமெந்தால் பதித்த ஸ்கேர்ட்டிங் என்றால், அதுதான் இங்கே அதிகம், இந்தக் கருவியை மறந்துவிடுங்கள். ஒரு கோட்டை மூடப் போய் மேசனையும் பெயின்ற்காரரையும் கூப்பிட வேண்டி வரும். வரிசை நீளமாகவும், நடுவில் கட்டிலும் அலுமாரியும் நிற்பதாகவும் இருந்தால் தள்ளுகிற விசை பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். பாரத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும். கடும் அடி போட்டால் பலகையின் விளிம்பு பொருக்காகும். அது ஸ்கேர்ட்டிங்குக்குள் மறைந்துவிடும் என்பது ஆறுதல்.

இவற்றுக்கு வெளியே

சுப்பர் குளூவால் பலகைமேல் மரத்துண்டை ஒட்டி, தட்டி மூடிவிட்டு, துண்டை உடைத்து எடுக்கிற வித்தை ஒன்று காணொளிகளில் சுற்றுகிறது. மிச்சப் பசையைச் சுரண்டும்போது பலகையின் முகமும் சேர்ந்து போகும். வேண்டாம்.

நிறம் பார்த்து மெழுகோ நிரப்பியோ வாங்கி அடைப்பது கடைக்காரர் முதலில் காட்டுகிற வழி. உடைந்த மூலைக்கு அது சரி. அசைகிற இடைவெளிக்குப் போட்டால் மாரியில் பலகை விரியும்போது பிதுங்கி வெளியே வரும், கோடையில் பொடியாகி உதிரும். அதைவிட மோசம், பின்னொரு நாள் ஒழுங்காக மூட நினைத்தால் அடைத்ததை எல்லாம் தோண்டி எடுக்க வேண்டும்.

தோண்டுவது எப்படியும் இருக்கத்தான் செய்கிறது. எந்தக் கருவி எடுத்தாலும் முதலில் இடைவெளிக்குள் இருக்கிற மணலையும் ஊத்தையையும் எடுக்காமல் ஓர் அடியும் போடக்கூடாது. ஈர்க்குக் குச்சியால் கிளறி, வக்கூமால் இழுங்கள். ஒரு மணல் பரல் காடிக்குள் நின்றாலே பலகை முழுதாக மூடாது, பலமாகத் தட்டினால் நாக்கு உடையும். ரோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். நாக்கு முழுதாக இருந்தால் தட்டி மூடினால் போதும். நாக்கோ பூட்டுகிற உதடோ உடைந்திருந்தால் மூடிய இடம் திரும்பத் திறக்கும். மேலிருந்து அமுக்கிப் பூட்டுகிற வகைப் பலகைகளில் தலைப்பு விலகியிருந்தால் பெரும்பாலும் இந்தச் சங்கடம்தான். அங்கே நாக்கின்மேல் மெல்லிய கோடாக ஈரம் தாங்குகிற வெள்ளை மரப்பசை தடவி, தட்டி மூடி, பிதுங்கியதை உடனே துடைத்து, ஓர் இரவு அந்தப் பக்கம் யாரும் நடக்காமல் விடுங்கள். ஒன்றிரண்டு தலைப்புக்குப் பசை போடலாம். அறை முழுவதும் பசை போட்டால் பின்னால் கழற்றிப் பூட்டவே முடியாது.

தலைப்புகள் ஊதி மேலே கிளம்பி நின்றால் அது இடைவெளிப் பிரச்சினையே அல்ல. தண்ணீர் போயிருக்கிறது. ஏசியின் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா, பல்கனிக் கதவுக்குக் கீழால் மழைத்தண்ணீர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். இப்படித் தண்ணீர் குடித்து ஊதிய மரநார் திரும்பச் சுருங்காது, அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும். ஈரத் தும்புத்தடியால் தினமும் தரை கழுவுகிற வீடுகளிலும் இது வரும்.

எதை வாங்குவது என்றால்: ஓர் அறை, ஒன்றிரண்டு கோடு, பொறித்த முகமுள்ள லமினேற் — மரத்துண்டும் துணி ரேப்பும் ரப்பர்ச் சுத்தியலும் போதும், கருவி என்று எதையும் வரவழைக்க வேண்டாம். மேல்மாடி முழுவதும் பலகை, வருடா வருடம் ஏதாவது திறக்கிறது என்றால் மாற்றுப்பட்டையும் சேர்த்து விற்கிற ஒட்டுக் கட்டை ஒன்றை வெளிநாட்டில் இருந்து வருகிறவரிடம் சொல்லி எடுப்பிக்கலாம், பாரமில்லாத சாமான். கிளிப் ஸ்கேர்ட்டிங் என்றால் சுவரோரத் தகடும் வைத்திருங்கள், இரண்டும் ஒன்றையொன்று நிரப்பும். வழுவழுப்பான வினைல் என்றால் அலுமினியக் கடைக்காரரோடு நல்ல உறவு வைத்திருங்கள்.

விரித்து ஒரு வருடம்கூட ஆகாமல் பல இடத்தில் திறக்கிறது என்றால் இவை எதையும் தொடாதீர்கள். போட்டவரைக் கூப்பிட்டு ஸ்கேர்ட்டிங்கைக் கழற்றச் சொல்லி, சுவரோரம் வெளி விட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். நீங்களே தட்டி மூடிவிட்ட பிறகு கூப்பிட்டால், தட்டினதால்தான் பூட்டு உடைந்தது என்று சொல்ல அவருக்கு வழி கிடைத்துவிடும்.